ஆறு சக்கர ஆம்பிபியஸ் வண்டி: அச்சு பேரிங் இன்ச் அளவு, ஷாஃப்ட்டைக் கடையலாமா?

கண்மாய்க்கரை:

வணக்கம். நிலத்துலயும் தண்ணியிலயும் போற பழைய ஆறு சக்கர வண்டி (ஆம்பிபியஸ் ஏடிவி) ஒண்ணு வாடிப்பட்டியில பிரிச்சுப் போட்டுக் கிடக்கு. பிளாஸ்டிக் தொட்டி உடம்பு. ஸ்டியரிங் கிடையாது, ரெண்டு லீவர்தான். பேர்த்தகடு உதிர்ந்து போனதால எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு தெரியல. மீன்பாசி குத்தகைக் கண்மாய்ல தீவன மூட்டை, வலை ஏத்திட்டுப் போகணும், ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையேத்தணும். அதுக்குத்தான் வண்டி.

நிலவரம் இது. சக்கரத்துக்கு ஒரு அச்சுன்னு ஆறு அச்சு. ஒவ்வொண்ணுக்கும் உள்ள சேஸிஸ்ல ஒரு பேரிங், தொட்டிச் சுவர்ல ஒரு பேரிங், மொத்தம் 12. வலது நடுச் சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டினா டயர் ஓரத்துல அரை இன்ச் ஆடுது. தண்ணியில அரை மணி நேரம் நின்னா தொட்டிக்குள்ள ஒரு குடம் தண்ணி சேருது. வெளிப் பேரிங் கிரீஸ் பால்காபி நிறத்துல வருது.

ஷாஃப்ட் வெர்னியர்ல 31.7 மி.மீ. காட்டுது. பழைய பேரிங் வெளிவட்டம் 62. நம்பர் துருவுல அழிஞ்சிருச்சு. கடையில, வெளிவட்டம் 62ன்னா 206 நம்பர் பேரிங்தான்னு குடுத்தாங்க. அதோட ஓட்டை 30, ஏறல. "ஷாஃப்ட்டை லேத்துல 30க்குக் கடைஞ்சிருங்க, வேலை முடிஞ்சது"ங்கிறாங்க. கடையலாமா? 12ஐயும் மாத்தணுமா, ஆடுறதை மட்டுமா? ஆயில் சீலை எந்தப் பக்கம் பாத்து வைக்கணும்?

லேத்துவாசல்:

கடையாதீங்க தம்பி. ரெண்டு காரணம். வளைவைத் தாங்குற பலம் விட்டத்தோட மும்மடிக் கணக்கு. 31.75ஐ 30 ஆக்குனா பலத்துல 16 சதவீதம் போயிரும். அதை விட மோசம், கடைஞ்ச இடத்துல ஒரு படி விழும். சக்கரத்துக்குப் பக்கத்துல படி விழுந்த அச்சு அந்தப் படியிலதான் ஒடியும், அதுவும் கண்மாய் நடுவுல.

உங்க ஷாஃப்ட் ஒண்ணேகால் இன்ச், அதாவது 31.75. அதுக்குன்னே பேரிங் இருக்கு: யூசி 206-20. கோட்டுக்குப் பின்னால வர்ற 20 என்னன்னா, இன்ச்சைப் பதினாறாப் பிரிச்ச கணக்கு. பதினாறுல ஒரு பங்கு இருபது சேந்தா ஒண்ணேகால் இன்ச். அதே கணக்குல 206-18 ஒண்ணு ஒரு நூல், 205-16 ஒரு இன்ச். கடையில "206"ன்னு மட்டும் சொன்னா 30 ஓட்டையைத்தான் எடுத்துக் குடுப்பாங்க, அவங்க மேல தப்பில்ல. "206 கோடு 20"ன்னு எழுதிக் குடுங்க. 207-20ன்னும் ஒண்ணு உண்டு. ஓட்டை அதே ஒண்ணேகால்தான், ஆனா வெளிவட்டம் 72, உங்க ஹவுசிங்ல (பேரிங் உக்காருற கூடு) உக்காராது.

வாங்கப் போகுமுன்ன பழைய பேரிங்கோட முதுகுல ஒரு ஸ்கேலை வச்சுப் பாருங்க. பீப்பாய் மாதிரி வளைஞ்சிருந்தா யூசி வகை. ஹவுசிங்குக்குள்ள ரெண்டு மூணு டிகிரி தானாச் சாஞ்சு நேராகிக்கும். முதுகு தட்டையா இருந்தா யூசி ஆகாது, அதே அளவுல தட்டை முதுகு உள்ளதைக் கேக்கணும். பழசைக் கையில எடுத்துட்டே போயிருங்க.

பூட்டும் முறையையும் பாருங்க. உள்வட்டத்துல ரெண்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) இருக்குறது ஒரு ரகம். தனி வளையத்தைச் சுத்தி இறுக்குற எக்சென்ட்ரிக் காலர் இன்னொரு ரகம். காலர் ஒரே திசையில ஓடுற மெஷினுக்கானது, ஓட்டத்தோட சேர்ந்து இறுகும். உங்க வண்டி முன்னாலயும் பின்னாலயும் போகும், எதிர்த் திசையில ஓடுனா காலர் கழண்டுக்கும். ஸ்க்ரூ ரகமே வாங்குங்க.

அந்த ஸ்க்ரூ அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எம்6னா 3 மி.மீ. ஆலன் கீ. இன்ச் ரகம்னா கால் இன்ச் 28 மரை, அதுக்கு ஒரு நூல் கீ, அதாவது 3.18 மி.மீ. 3 மி.மீ. கீயை அதுல விட்டுத் திருகுனா மூலை வழுக்கிரும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்கணும். இறுக்கம் 4 நியூட்டன் மீட்டர் போதும். சின்ன கீயை விரல்ல பிடிச்சு நல்லா அழுத்துனாலே அது வந்துரும், பைப் மாட்டி இறுக்குறது வேண்டாம்.

12ஐயும் மாத்திருங்க. ஒரு பேரிங்ல தண்ணி போயிருந்தா அதே வயசு, அதே தண்ணி பாத்த மத்ததும் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். பேரிங் செலவு குறைவு, பிரிச்சுப் பூட்டுற வேலைதான் பெருசு.

கிரீஸ்கை:

அளவு பற்றிச் சொல்லியாகிவிட்டது, கழற்றும் வரிசையைச் சொல்கிறேன். பெரும்பாலும் ஷாஃப்ட்டைக் கெடுப்பது கழற்றும்போதுதான்.

வண்டியைத் தூக்கி சேஸிஸ் சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள், பிளாஸ்டிக் அடிப்பாகத்தில் முட்டு வைக்கக் கூடாது. சக்கரம், ஹப், பிறகு செயின். செயினைப் பிரிக்கும் முன் எந்த ஸ்ப்ராக்கெட் எந்த முகம் வெளியே இருந்தது என்று பெயிண்டால் புள்ளி வையுங்கள். ஸ்ப்ராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறு அச்சுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், நினைவில் நிற்காது.

கிரப் ஸ்க்ரூக்களை முழுதாக வெளியே எடுங்கள், பாதியில் விடாதீர்கள். ஸ்க்ரூ முனை ஷாஃப்ட்டில் கடித்த இடத்தில் ஒரு பிசிர் எழும்பியிருக்கும். அது இருக்கும்போது ஷாஃப்ட்டை இழுத்தால் பேரிங் ஓட்டை முழுக்கக் கீறிக்கொண்டு பாதி வழியில் சிக்கிவிடும். முதல் நாள் மாலையே துரு நீக்கி எண்ணெய் விட்டு, மறுநாள் ஷாஃப்ட்டை 10 மி.மீ. உள்பக்கம் தள்ளி, வெளியே தெரியும் பிசிரை அரத்தால் சமப்படுத்திவிட்டுப் பிறகு வெளியே இழுங்கள்.

ஷாஃப்ட் முனையில் இரும்புச் சுத்தியல் படவே கூடாது. முனை காளான் போல விரிந்துவிட்டால் எந்தப் பேரிங் வழியாகவும் வராது. பித்தளைக் கட்டையோ வேலமரக் கட்டையோ இடையில் வையுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் பேரிங்கை அறுத்துவிடுவதே மேல், எப்படியும் தூக்கிப் போடப் போவதுதானே. வெளிவட்டத்தை கிரைண்டரில் வெட்டி எடுத்துவிட்டு, உள்வட்டத்தில் முக்கால் ஆழம் வரை ஒரு கீறல் போட்டு, உளி வைத்து ஒரு தட்டு தட்டினால் பிளந்துவிடும். பேரிங் இரும்பு கண்ணாடி போல, சுத்தியல் அடியில் சில்லு பறக்கும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள்.

கழற்றிய பிறகு பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். வெர்னியரில் 31.7 என்பது போதாது. 31.70க்கு மேல் இருந்தால் அப்படியே போடலாம். அதற்குக் கீழே என்றால் உள்வட்டம் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கிச் சுற்றத் தொடங்கும், கிரப் ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

கண்மாய்க்கரை:

நன்றிண்ணே. ஆறையும் கழட்டி அளந்தாச்சு. நாலு ஷாஃப்ட் 31.71லேருந்து 31.74 வரைக்கும் இருக்கு. வலது நடு 31.62, இடது நடு 31.66. எல்லாத்துலயும் ஆயில் சீல் உதடு ஓடுன இடத்துல நகத்துக்குத் தட்டுப்படுற பள்ளம் இருக்கு. நடு ரெண்டு மட்டும் ஏன் இப்படித் தேஞ்சிருக்கு? வெல்டிங் போட்டு நிரப்பலாமா?

லேத்துவாசல்:

வெல்டிங் கடைசி வழி. இந்த மாதிரி ஷாஃப்ட் பொதுவா நடுத்தரக் கார்பன் இரும்பு. சூடு காட்டாம வெல்டிங் வச்சா ஓரம் கண்ணாடி மாதிரி இறுகி, விரிசல் விட்டு, பிறகு ஒடியும். வெல்டிங்தான்னு முடிவு பண்ணிட்டா, அடுப்புல காயவச்ச ஈ 7018 குச்சி எடுத்துக்கங்க. ஷாஃப்ட்டை 200 டிகிரிக்கு மேல சூடு காட்டணும். வச்சு முடிச்சதும் காஞ்ச சாம்பல்லயோ சுண்ணாம்புலயோ புதைச்சு மெதுவா ஆற விடணும்.

உங்க தேய்மானம் 0.13தான், அதுக்கு ஹார்ட் குரோம் (கெட்டியான குரோம் முலாம்) போதும். லேத்துல இல்ல, கிரைண்டிங்ல 31.55க்கு இறக்கி, குரோம் ஏத்தி, மறுபடி 31.75க்கு கிரைண்டிங். சூடே படாது. சீல் உதட்டுக்கும் வழவழப்பான இடம் கிடைக்கும். அதுவும் முடியலைன்னா ஈ.என்.8ங்கிற நடுத்தரக் கார்பன் இரும்பு ராடுல புதுசாவே ரெண்டு அச்சு போட்டுரலாம். கப்பலூர் சிட்கோவுலயோ கே.புதூர் தொழிற்பேட்டையிலயோ கிரைண்டிங் மெஷின் உள்ள பட்டறையாப் பாத்துக் குடுங்க. அளவை "31.75, மேல சுழியம், கீழ 0.02"ன்னு தாள்ல எழுதிக் குடுங்க. வாய்ல சொன்னா 31.8ல வந்து நிக்கும், அப்புறம் பேரிங்கை அடிச்சு ஏத்துற வேலை ஆயிரும்.

சீல் பள்ளத்துக்கு ஷாஃப்ட்டைத் தொடவே வேண்டாம். சீலை ஹவுசிங்குக்குள்ள ரெண்டு மி.மீ. தள்ளி உக்கார வைங்க, உதடு புது இடத்துல ஓடும். உள்ள ஆழம் இருந்தா அப்படியே தள்ளலாம், இல்லைன்னா மெல்லிசா ஒரு ஸ்பேசர் வளையம். அந்த இடத்தை எமரி பேப்பரால தேய்க்கும்போது ஷாஃப்ட்டைச் சுத்தித் தேய்ங்க, நீளவாக்குல இழுக்காதீங்க. நீளக் கீறல் ஒவ்வொண்ணும் தண்ணிக்கு ஒரு வாய்க்கால். லேத்துல கடைஞ்சு அப்படியே விட்டா வர்ற மெல்லிசான மரை அதை விட மோசம், ஷாஃப்ட் சுத்தச் சுத்த பம்ப் மாதிரி தண்ணியை உள்ள இழுக்கும்.

நடு அச்சு தேயுறது இந்த ரக வண்டியோட பிறவிக் குணம். சஸ்பென்ஷனே கிடையாது, டயர் மட்டும்தான் மெத்தை. மேடு ஏறும்போது மொத்தப் பாரமும் நடுச் சக்கரத்துல வந்து விழும்.

சகதிமன்னன்:

ஒரு கணக்குச் சொல்றேன், பேரிங் எதனால சாகுதுன்னு புரியும். 206 அளவு பேரிங் தாங்குற டைனமிக் பாரம் சுமார் 19.5 கிலோநியூட்டன். ஆளும் மூட்டையும் சேத்து வண்டி 600 கிலோன்னு வைங்க, சக்கரத்துக்கு 100 கிலோ, அதாவது ஒரு கிலோநியூட்டன். குழியில விழுற அதிர்ச்சிக்கு அதையே மூணு மடங்காப் போடுங்க. அப்பவும் கணக்குப்படி 27 கோடிச் சுத்து ஓடும். 22 இன்ச் டயர் ஒரு சுத்துக்கு ஒண்ணே முக்கால் மீட்டர், ஆக நாலரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல. எந்தக் கண்மாய் வண்டி அம்புட்டு ஓடப் போகுது? பாரத்தால இந்தப் பேரிங் சாகாது, தண்ணிதான் கொல்லுது. அதனால விலை கூடின பேரிங் தேடுற நேரத்துல சீலையும் கிரீஸையும் கவனிங்க. ஸ்டெயின்லெஸ்ல எஸ்யூசி 206-20ன்னும் கிடைக்கும், தாங்குற பாரம் கொஞ்சம் குறைவு, மேல போட்ட கணக்குல அது பிரச்சினையே இல்ல. வெளிப் பேரிங் ஆறுக்கு மட்டும் அதைப் போட்டாலும் தகும்.

இப்ப சீல். லாரி ஹப்ல பழகின கை, உதட்டையும் ஸ்பிரிங்கையும் உள்பக்கம் பாத்துதான் வைக்கும். அங்க வேலை எண்ணெயை உள்ள நிறுத்துறது. இங்க வேலை தண்ணியை வெளிய நிறுத்துறது, அதனால ஸ்பிரிங் உள்ள முகம் வெளிய, சக்கரப் பக்கம் பாக்கணும். இடம் இருந்தா ரெண்டு சீல், ரெண்டுமே வெளிய பாத்து, நடுவுல கிரீஸ். இப்படி வச்சா நிப்பிள்ல அடிக்கிற கிரீஸ் உதட்டைத் தூக்கிட்டு வெளிய வரும், வரும்போது சகதியையும் தள்ளிட்டு வரும். உள்ள பாத்து வச்சா கிரீஸ் வெளிய போக வழியில்லாம, ஒண்ணு தொட்டிக்குள்ள பிதுங்கும், இல்லைன்னா சீலையே பிடுங்கித் தள்ளும்.

கிரீஸ் நல்ல தண்ணித் தாக்குப் பிடிக்கிறதா எடுங்க. கால்சியம் சல்ஃபோனேட் ரகம் கிடைச்சா முதல் தரம். சாதா லித்தியம் ஏ.பி.3 போட்டாலும் ஓடும், ஆனா ஒவ்வொரு முறை தண்ணியிலேருந்து வந்ததும் அடிச்சாகணும். பழைய கிரீஸ் என்ன ரகம்னு தெரியாததால ஹவுசிங்கை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைச்சுட்டுப் புதுசைப் போடுங்க. சில ரகம் ஒண்ணோட ஒண்ணு சேந்தா மோர் மாதிரி நீர்த்துரும். "பேரிங்ல மூணுல ஒரு பங்குதான் கிரீஸ்"ங்கிற விதி வேகமா ஓடுற மோட்டாருக்கு. இது மணிக்கு 20 கிலோமீட்டர்ல போனாலும் நிமிஷத்துக்கு 190 சுத்துதான், சூடேறாது. சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல காத்தே இல்லாம அடைங்க. காத்து இருந்த இடத்துக்குத்தான் தண்ணி வரும்.

எப்படி வரும்னா, தரையில ஓடிச் சூடான ஹவுசிங் சட்டுனு தண்ணியில இறங்குனா உள்ள இருக்குற காத்து சுருங்கும், சுருங்கும்போது சீல் வழியாத் தண்ணியை உறிஞ்சும். படகு ஏத்துற டிரெய்லர் பேரிங் சாகுறதும் இதே கதைதான். கரையில கால் மணி நேரம் நிறுத்தி, ஹவுசிங்கைக் கையால தொட்டுப் பாத்துட்டு இறக்குங்க.

கிரீஸ்கை:

பூட்டும்போது ஒரு வரிசை உண்டு. இரண்டு ஹவுசிங்கையும் போல்ட் தளர்வாக மாட்டி, ஷாஃப்ட்டை நுழைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றும்போதே போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்குங்கள், ஒவ்வொரு இறுக்கத்துக்கும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கே பிடிக்கிறதோ அந்த ஹவுசிங் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்ப்ராக்கெட்டை, எழுதி வைத்த இடைவெளிக்குக் கொண்டுவந்த பிறகுதான் கிரப் ஸ்க்ரூ. அதைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும், முதலில் இறுக்கினால் பேரிங் பக்கவாட்டு இழுவையோடு பூட்டிக்கொள்ளும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை ஸ்க்ரூவைப் பாருங்கள்.

தொட்டிச் சுவருக்கும் ஹவுசிங்குக்கும் இடையே போடும் சிலிக்கானை முகர்ந்து பாருங்கள். காடி நெடி அடித்தால் அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் ரகம். நியூட்ரல் சிலிக்கான் அல்லது பாலியூரித்தேன் வாங்குங்கள். போல்ட் ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக்கில் விரிசல் இருந்தால், விரிசல் முனையில் 4 மி.மீ. ஓட்டை போட்டால் அங்கேயே நிற்கும். ஒட்டுவதற்கு முன் என்ன பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் சுரண்டிய துண்டு தண்ணீரில் மிதந்தால், தடவினால் மெழுகு போல இருந்தால் அது பாலிஎத்திலீன். எந்தப் பசையும் ஒட்டாது, பிளாஸ்டிக் வெல்டிங்தான். அசிட்டோன் பட்டு இளகினால் ஏ.பி.எஸ்., அதை ஒட்டலாம்.

கசிவு சோதனைக்கு வண்டியைக் கண்மாய்க்குக் கொண்டு போக வேண்டாம். தொட்டியின் அடைப்பானைப் போட்டு, அச்சுத் துளைக்கு ஒரு விரல் மேலே வரைக்கும் உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே எங்கே சொட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

சகதிமன்னன்:

அந்தச் சோதனை நல்லதுதான், ஆனா ஒரு திருத்தம். சீல் உதடு வெளிய பாத்து இருக்கும்போது உள்ளேருந்து அழுத்துற தண்ணி உதட்டைத் தூக்கும், லேசாச் சொட்டத்தான் செய்யும். அதைப் பாத்துட்டு சீலைத் திருப்பிப் போட்டுராதீங்க. ஹவுசிங் ஓரம், போல்ட் ஓட்டை, விரிசல், இதுக்கெல்லாம் அந்தச் சோதனை சரி. ஷாஃப்டைச் சுத்தி வர்ற சொட்டை மட்டும் கணக்குல எடுக்காதீங்க. சீலுக்கான சோதனை, முழங்கால் தண்ணியில கால் மணி நேரம் நிறுத்தி உள்ள பாக்குறதுதான்.

கிரீஸ்கை:

சரிதான், அதை நான் விட்டுவிட்டேன். ஷாஃப்ட்டைச் சுற்றி வரும் சொட்டை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

லேத்துவாசல்:

செயினையும் இந்தக் கையோட அளந்துருங்க. பிட்ச் (ஒரு கண்ணியோட நீளம்) அஞ்சு நூல்னா 20 கண்ணிக்கு 317.5 மி.மீ. 323ஐத் தாண்டுனா செயின் முடிஞ்சது. நீண்டுபோன செயினை இறுக்கி இறுக்கி ஓட்டுறதுதான் உள் பேரிங்கைத் தின்னும். அச்சுக்கும் அச்சுக்கும் 400 மி.மீ. தூரம்னா நடுவுல 10 மி.மீ. தொய்வு இருக்கணும். அச்சு ஒரு சுத்து சுத்தும்போது எந்த இடத்துல செயின் ரொம்ப இறுகுதோ அங்க வச்சு அளக்கணும்.

டயர்ல காத்து கம்மியா இருக்கணும். இந்த மாதிரி பலூன் டயருக்கு மூணு நாலு பி.எஸ்.ஐ.தான் வழக்கம், டயர் ஓரத்துல எழுதியிருக்குறதைப் பாருங்க. பங்க்சர் கடை மீட்டர் அந்த அளவைக் காட்டாது, குறைஞ்ச அழுத்த மீட்டர் தனியா வாங்கணும். 15 அடிச்சா டயர் கல்லாயிரும், அடி அத்தனையும் பேரிங்குக்குப் போகும். தார் ரோட்டுல திருப்புறதையும் விட்டுருங்க. ஒரு பக்கச் சக்கரத்தை நிறுத்தித் திரும்புற வண்டி, வழுக்காத தரையில திரும்புனா அச்சைப் பக்கவாட்டுல முறுக்கும். கண்மாய் வரைக்கும் டிரெய்லர்ல ஏத்திட்டுப் போறது நல்லது.

கண்மாய்க்கரை:

புரிஞ்சதுண்ணே. யூசி 206-20 ஆறு, எஸ்யூசி 206-20 ஆறு, சீல் 12, ரெண்டு ஷாஃப்ட் கிரைண்டிங் குரோமுக்கு. சீல் அளவு மட்டும் சந்தேகம். கடையில 32 மி.மீ. சீல்தான் இருக்குங்கிறாங்க. போடலாமா?

லேத்துவாசல்:

அவசரத்துக்கு நிக்கும். ஆனா உதட்டோட பிடி கால் மி.மீ. தளர்ந்துரும், புதுசுல நல்லாருந்து தேய ஆரம்பிச்சதும் சீக்கிரம் ஒழுகும். நீங்க தண்ணியில நிறுத்துற வண்டிக்கு ஒண்ணேகால் இன்ச் சீலே கேட்டு வாங்குங்க. ஹவுசிங் ஓட்டையை அளந்து வெளிவட்டத்தையும் இன்ச்லயே சொல்லுங்க. ரெண்டு மூணு நாள் காத்திருந்தா வரவழைச்சுக் குடுப்பாங்க.

சகதிமன்னன்:

சீல் ஏத்தும்போது ஷாஃப்ட் முனையில சாவித்தடம் இருந்தா அதுமேல செல்லோடேப் ஒரு சுத்து ஒட்டி, கிரீஸ் தடவி ஏத்துங்க. இல்லைன்னா கூர் முனை உதட்டைக் கீறிரும், கீறுனது கண்ணுக்கே தெரியாது.

அப்புறம் உங்க கண்மாய்க்குன்னே ரெண்டு விஷயம். வேலை முடிஞ்சதும் சீல் ஓரத்துல ஒட்டின களிமண்ணைக் காயுமுன்ன கழுவிருங்க. காஞ்ச கரம்பை செங்கல் மாதிரி இறுகும், மறுநாள் சக்கரம் சுத்துன உடனே உதட்டைப் பிச்சுரும். பிரஷர் வாட்டர் துப்பாக்கியை சீலுக்கு நேரா அடிக்காதீங்க, வாளித் தண்ணியும் பிரஷும் போதும். கழுவுனதும் சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நிப்பிளுக்கு ரெண்டு மூணு அழுத்து, உதட்டு ஓரத்துல சுத்தமான கிரீஸ் எட்டிப் பாத்தா நிறுத்திருங்க.

இன்னொண்ணு, நரம்பு வலையும் தூண்டில் நரம்பும். மீன்பாசிக் கண்மாய்ல அறுந்த நரம்பு கிடக்காத இடமே இருக்காது. அது ஹப்புக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல சுத்தி இறுகி, சூடேறி, சீல் உதட்டைக் கத்தி மாதிரி அறுத்துரும். மாசம் ஒரு தரம் ஆறு சக்கரத்தையும் கழட்டி அந்த இடுக்கைப் பாருங்க. சீமைக்கருவேல முள்ளு டயர்ல ஏறியிருக்கான்னும் அப்பவே பாத்துருங்க, மூணு பி.எஸ்.ஐ. டயர் இறங்குனது வெளியேருந்து பாத்தாத் தெரியாது.